ஜவ்வரிசிக்குள் உயிர் வைப்பவர்

சிரிஞ்சை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து நடுவிரல் நகத்தால் மூன்று முறை சுண்டுகிறார் லாசர். கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த காற்றுக்குமிழி ஒன்று அசைந்து மேலே ஏறுகிறது. அதை வெளியே தள்ளிவிட்டு, மறுபடி வெளிச்சத்துக்குக் காட்டி, மறுபடி சுண்டுகிறார். எனக்கு எந்தக் குமிழியும் தெரியவில்லை. "இருக்குதுங்க," என்கிறார் என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "காத்துக்கு வெக்கமே கெடையாதுங்க சார். போறாப்பல போயி மூலையில குந்திக்கும்."

காற்றோடு அவருக்கு இருப்பது பழைய பகை. சங்ககிரியில் லாரிகளுக்கு டீசல் பம்ப் வேலை பார்க்கும் பட்டறையில் இருபத்தேழு வருடம் இருந்தவர். டீசல் லைனில் காற்று புகுந்து தொப்பூர் கணவாயில் நின்றுபோன வண்டிகளுக்காக, பைக்கில் ஸ்பேனர் பையோடு எத்தனையோ முறை போயிருக்கிறார். இப்போது அவர் காற்றை விரட்டும் இடம் வேறு. திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகும் சாலையில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வகம். சாலையில் போகிறவர்கள் அதைக் கல்லூரியின் கேன்டீன் என்று நினைத்துக்கொள்ளக்கூடும், கட்டடம் அப்படி.

வயது ஐம்பத்து மூன்று. ஆள் கட்டை. ஆய்வகத்தில் கொடுத்த வெள்ளைக் கோட்டு முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. வலது கட்டைவிரல் நகத்துக்கு அடியில் நிரந்தரமாக ஒரு கறுப்புக் கோடு. எந்த சோப்புக்கும் அது அசையாது என்று தெரிந்துகொண்ட ஆராய்ச்சி மாணவி சரிதா, இவர் கையுறை இல்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று முதல் மாதமே சட்டம் போட்டுவிட்டாள். கோட்டுப் பையில் இவர் கை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட்டையும் அன்றே பிடுங்கிக் குப்பையில் போட்டாள். நூல் பிசிறு வாய்க்காலை அடைக்குமாம். "இருவத்தேழு வருசம் வேஸ்ட்டு இல்லாம பட்டறைக்குள்ள போனதில்லீங்க. ரெண்டு நாளு கை எங்க போறதுன்னு தெரியாம அலஞ்சுது," என்கிறார்.

இவர் செய்யும் காரியம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு உயிரியலோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாமல் போகாது. நாமக்கல் வட்டாரம் முழுக்கக் கோழிப்பண்ணை. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். ஈரச் சோளத்தில் பூஞ்சை பிடித்தால் ஒரு நஞ்சு ஊறும். அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, கோழியின் ஈரலுக்கு மட்டும் தெரியும். ஒரு லோடு கெட்ட சோளம் வந்தால் போதும், பண்ணையில் முட்டை பாதியாகிவிடும். கோழிக்குப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஈரலையே கேட்டுவிட்டால் என்ன என்பது பேராசிரியர் மைதிலியின் யோசனை. கருவுற்ற முட்டைக்குள் வளரும் குஞ்சின் ஈரல் செல்களை உயிரோடு எடுத்து, சின்னஞ்சிறு ஜெல் உருண்டைகளுக்குள் வைத்து வளர்த்து, சந்தேகமான சோளத்தின் சாற்றை அதில் விட்டுப் பார்ப்பது. செல்கள் செத்தால் சோளம் ஆகாது.

உருண்டை எதற்கு என்று கேட்டேன். தட்டில் சும்மா பரப்பி வைத்தால், ஈரல் செல்கள் நாலைந்து நாளில் தாங்கள் ஈரல் என்பதையே மறந்துவிடுமாம். ஜெல்லுக்குள் நாலாப் பக்கமும் அணைப்பு இருந்தால் நினைவோடு இருக்கும் என்றாள் சரிதா. அந்த உருண்டையைக் கையால் உருட்ட முடியாது. தீப்பெட்டி அளவில், கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு ரப்பர் வில்லை. அதற்குள் முடியளவு மெல்லிய வாய்க்கால்கள். நடு வாய்க்காலில் கடற்பாசிப் பசையும் செல்களும் கலந்து வரும். இரண்டு பக்கத்திலிருந்தும், செல்லுக்குக் கெடுதல் செய்யாத ஓர் எண்ணெய் வந்து அதை நெருக்கும். நெருக்கும் இடத்தில் பசை சொட்டுச் சொட்டாக அறுபட்டு உருளும். நொடிக்கு இருநூறு சொட்டு. வெளியே வந்து சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் சேர்ந்ததும் ஒவ்வொரு சொட்டும் ஜெல்லாக இறுகிவிடும். உள்ளே பத்துப் பன்னிரண்டு செல்கள். சாப்பாடு உள்ளே போகும்; செல் வெளியே வராது.

ஆராய்ச்சித் தாள்களில் இதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. லாசர் திரையில் முதன்முதலாகப் பார்த்தபோதே "சவ்வரிசியாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலத்து மண்ணில் வேறு எந்தப் பெயர் ஒட்டும்? இப்போது மைதிலியே காலையில் வந்ததும், "ஜவ்வரிசி போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்.

இவர் இங்கே வந்து சேர்ந்தது ஓர் அடைப்பினால். மூன்று வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வில்லை ஒன்று முதல் வாரமே அடைத்துக்கொண்டது. விற்றவர்களைக் கேட்டால், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. மைதிலியின் கார் அந்தச் சமயம் சங்ககிரியில் ஒரு மெக்கானிக்கிடம் கிடந்தது. பக்கத்துப் பட்டறையில் ஒரு குள்ள மனிதர், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாசிலை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, அதன் துளை வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதிலி கைப்பையிலிருந்து வில்லையை எடுத்து நீட்டினார். "ஆறு ஓட்டை நாசில்லயே அடைப்பு எடுக்கறமுங்க. இது என்னங்க, ஒத்தை ஓட்டை," என்று வாங்கிய லாசர், பின்பக்கமிருந்து தண்ணீரை அடித்து அரை மணி நேரத்தில் திறந்து கொடுத்தார். அடுத்த மாதம் அவர் கல்லூரி ஊழியர். தற்காலிகம்தான், ஒவ்வொரு ஏப்ரலிலும் நீட்டிப்புக் கடிதம் வரவேண்டும்.

பட்டறையின் பேச்சை அவர் ஆய்வகத்துக்குள் அப்படியே கொண்டுவந்துவிட்டார். திரையில் சொட்டுகள் ஒன்றுபோல ஓடினால் "அடிக்குது". இழுவிக்கொண்டு வந்தால் "ஒழுகுது". ஒரு நாள் சிரிஞ்சைத் தள்ளும் மின்பம்ப் நடுங்கியபோது, ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் உடம்பில் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக் கேட்டிருக்கிறார். "மூணாவது மரை தேஞ்சிருக்குதுங்க" என்றாராம். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. மைதிலி இதை எனக்குச் சொல்லும்போது தன் மாணவர் யாரோ முதல் மதிப்பெண் வாங்கியதுபோலச் சொன்னார்.

முட்டையை உடைத்து ஈரல் எடுக்கும் நேரத்தில் மட்டும் லாசர் அங்கே இருக்கமாட்டார். வராந்தாவில் போய் நின்றுகொண்டு, எதிர்க் காட்டில் யாரோ தண்ணீர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அது அவிங்க வேலைங்க. நான் பாத்தா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது." இதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் முக்கால் கிலோ கோழி வாங்காமல் போனதில்லை. சுட்டிக்காட்டினேன். "அது கறிங்க," என்றார்.

போன பொங்கலுக்குப் பிறகு இவர் செய்த ஒரு காரியம் ஆய்வகத்தில் பெரிய பேராயிற்று. பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் முனை சில சமயம் ஒட்டி நின்று, பிறகு துள்ளும். துள்ளினால் உருண்டை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழும். லாசர் ஒரு கண்ணாடி சிரிஞ்சை எடுத்து, அதன் உள்தண்டை, அவர் மொழியில் பிளஞ்சரை, நாலு நாள் மெருகுப் பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் குழாய்க்கு, அதாவது அவருடைய பேரலுக்கு, அளவாக இழைத்தார். செங்குத்தாகப் பிடித்தால் பிளஞ்சர் தன் எடையிலேயே, அவசரமில்லாமல், கீழே இறங்கும். அன்றிலிருந்து உருண்டைகள் அச்சில் வார்த்தவை போல ஒரே அளவில் வந்தன. மைதிலி எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து செல்களும் சாகத் தொடங்கின. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதல் நாள் எல்லாம் உயிரோடு இருக்கும். மூன்றாம் நாள் பாதி. ஏழாம் நாள் சாயம் விட்டுப் பார்த்தால் பச்சையாக ஒளிரவேண்டிய இடமெல்லாம் சிவப்பு. பச்சை என்றால் உயிர், சிவப்பு என்றால் சாவு. அதே செல்களைச் சிரிஞ்சில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வைத்தால் நன்றாக இருந்தன. கிருமியும் இல்லை. சரிதா பசையை மாற்றினாள், சுண்ணாம்பு நீரை மாற்றினாள், வாய்க்காலில் ஓடும் எண்ணெயை மூன்று கம்பெனிகளிலிருந்து வரவழைத்து மாற்றினாள். வாரத்துக்கு மூன்று முறை, ஒன்பது வாரம். ஒன்றும் ஆகவில்லை.

சரிதாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மல்லசமுத்திரத்துப் பெண், வயது இருபத்தேழு. அப்பா சடையன் மக்காச்சோளம்தான் போடுகிறார். மூன்று வருடமாக இந்த உருண்டைகளே அவளுடைய ஆராய்ச்சி. ஏப்ரல் இரண்டாம் புதன்கிழமை, வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஏழாம் நாள் நூற்றுக்கு எண்பது செல்லாவது உயிரோடு இருப்பதைக் காட்டவேண்டும். மார்ச் மாதம் மைதிலி அவளை அழைத்து, யார் மனமும் புண்படாத குரலில், "கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்கும்மா. சிலருக்கு செல் வேலை அமையறதில்ல," என்றார். இதுவரை எழுதியதை மூத்த மாணவன் நவநீதகிருஷ்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, சரிதா வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று. மூன்று வருடம் அதோடு போயிற்று. அவள் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. கடைசி முயற்சியாக, ஆய்வகத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். லாசர் தன் பங்குக்குப் பதினொரு வரி சொன்னார். கழுவறேன், காய வெக்கறேன், பூட்டறேன், தாளு சுத்திக் குக்கருக்குள்ள வெக்கறேன். பூட்டுவது என்றால் அவர் பேச்சில் பிரித்ததைத் திரும்பச் சேர்ப்பது; கிருமி நீக்கும் அந்த நீராவிப் பாத்திரத்தை அவர் குக்கர் என்றுதான் சொல்வார்.

நான் இரண்டாம் முறை போனது மார்ச் கடைசிப் புதன்கிழமை. பத்திரிகைக்குப் படம் வேண்டும். "கொஞ்சம் மெதுவாச் செய்யுங்க, ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்," என்றேன். லாசர் கழுவினார். நிறுத்தினார். படம் எடுத்தேன். துணியில் வைத்து உலரவிட்டார். நிறுத்தினார். இன்னொரு படம். பிறகு அவருடைய இடது கை மேஜையின் இழுப்பறையைத் திறந்து, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பி ஒன்றை எடுத்து, பிளஞ்சரில் ஒரு சொட்டு விட்டது. வலது சுண்டுவிரல் அதைச் சுற்றிலும் தடவியது. பிளஞ்சர் குழாய்க்குள் போயிற்று. மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

"அது என்ன எண்ணெய்?" என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வது என் பழக்கம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

"எதுங்க?"

"இப்ப விட்டீங்களே."

லாசர் தன் இடது கையைப் பார்த்தார். குப்பி அதில் இருந்தது. "தையல் மிஷின் எண்ணெய்ங்க," என்றார். "சுத்தமான எண்ணெய்ங்க, வாசமே..."

அவர் எதையும் மறைக்கவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். சட்டை போட்டேன் என்று சொல்கிறவன் பொத்தான் போட்டேன் என்று தனியாகவா சொல்வான்? பிறகு, என்னிடம் என்றில்லாமல், சொன்னார்: "காஞ்ச பிளஞ்சரப் பூட்டக்கூடாதுங்க. பூட்டுனா பேரல் கீறிப்போயிரும். பட்டறைல மொத நாளு அதுதானுங்க சொல்லிக்குடுத்தாங்க. அங்க டீசல்ல முக்கிப் பூட்டுவம். இங்க டீசல் வாசம் ஆகாதுன்னு..." குப்பியை மூடினார். "குக்கர்ல வெக்கறதுக்கு மின்னாலயே விட்டர்றதுங்க. அதான் கிருமியும் வல்லீங்க." நஞ்சு பார்க்க வந்த ஆய்வகத்தில், கிருமி நீக்கி, பதமாகச் சூடேற்றி, செல்களுக்கு ஒன்பது வாரமாக எண்ணெய் ஊட்டியிருக்கிறார் மனிதர். வாய்க்கால் எண்ணெயைச் சரிதா மூன்று முறை மாற்றியபோது பக்கத்திலேயே நின்று பாட்டிலைத் திறந்து கொடுத்தவரும் இவர்தான்.

"போட்டோ இன்னொரு நாளைக்கு எடுத்துக்கலாமுங்களா சார்?" என்றார். வெளியே வந்தேன். வராந்தாவில் சரிதா தன் அலமாரியிலிருந்த புட்டிகளுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நவநீதகிருஷ்ணனுக்குப் புரியவேண்டுமே என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். "என்ன சார், படம் நல்லா வந்துச்சுங்களா?" என்று கேட்டாள். வந்தது என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்வது என் வேலை இல்லை என்று அப்போது தோன்றியது. இப்போது எழுதும்போது அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாசர் போன் செய்தார். அது குருத்தோலை ஞாயிறு. முந்தின நாள், பாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வேண்டும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறார்; ஈஸ்டருக்கு முன்னால் எல்லோரும் போவது வழக்கம்தான்.

"பாதர்கிட்ட, நான் உசிருகளக் கொன்னுபோட்டேன் சாமின்னு சொன்னனுங்க. அவரு திடுக்குன்னு, எத்தன பேருன்னு கேட்டாரு. ஒரு தடவைக்கு நாப்பது லட்சமுங்க, வாரத்துக்கு மூணு தடவைன்னேன். தட்டி வழியா எட்டி என்னையப் பாத்தாருங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வெவரஞ் சொன்னேன். கோழி ஈரலுக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் கெடையாது, எந்திரிச்சுப் போன்னாரு. போகையில கூப்புட்டு, அந்தப் புள்ளகிட்டச் சொன்னியான்னு கேட்டாரு." மறுமுனையில் அவர் மனைவி சகாயம்மாள், மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பது கேட்டது. ஆயிற்று என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "நாளைக்கு நீங்களும் வாங்க சார். கண்ணுல பாத்தவரு நீங்கதானுங்க."

திங்கட்கிழமை மைதிலியின் அறையில் வைத்துச் சொன்னார். குப்பியை மேஜைமேல் வைத்தார். "மேடம், அந்தப் புள்ள கை இல்லீங்க. எம்பட கைங்க." முழுவதையும் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பட்டறை, டீசல், காய்ந்த பிளஞ்சர் எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. அது வாயில் வராத ஆள் அவர்.

சரிதா நின்றுகொண்டேதான் கேட்டாள். கதைகளில் வருவதுபோல அவள் ஒன்றும் கனிந்துவிடவில்லை. "ஒம்பது வாரமுங்கண்ணா," என்றாள். கைகளை நீட்டிக் காட்டினாள். ஸ்பிரிட் போட்டுப் போட்டு விரல் நுனித் தோல் வெடித்திருந்தது. "எங்கைதான் ஆகாதுன்னு நானே நம்பிட்டனுங்கண்ணா. எங்கப்பன்கிட்டக்கூட அப்படித்தான் சொன்னேன்." கதவைச் சாத்தாமல் வெளியே போய்விட்டாள். எனக்கும் அந்த இடத்தில் இருக்கப் பிடிக்கவில்லை, ஆனால் இருந்தேன்.

மைதிலி விஞ்ஞானி. சொன்னால் போதாது, காட்டவேண்டும் என்றார். அன்றே இரண்டு தொகுதி உருண்டைகள் போட்டார்கள். ஒன்று எண்ணெய் விட்டுப் பூட்டிய சிரிஞ்சில். மற்றது எண்ணெய் படாத, புதிதாக இழைத்த சிரிஞ்சில். செல்களுக்கு ஒத்துக்கொள்ளும் உப்புநீரில் பிளஞ்சரை நனைத்துப் பூட்டினார் லாசர். "தண்ணி போட்டுப் பூட்டறத எங்க மொதலாளி பாத்திருந்தா செருப்பக் களட்டியிருப்பாருங்க," என்றார் என்னிடம். சரிதா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவரிடம் அவள் பேசியது "சிரிஞ்சு", "ஆன் பண்ணுங்க", "போதும்" என்ற அளவுதான். பெரிய வெள்ளியன்று கல்லூரிக்கு விடுமுறை. மூன்று மணி வழிபாடு முடிந்து, நோன்பு வயிற்றோடு, சங்ககிரியிலிருந்து பைக்கில் வந்து, உருண்டைகள் இருந்த பெட்டியில் வெப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாராம் லாசர். காவலாளி சொன்னது இது.

ஈஸ்டருக்கு மறுநாள், ஏழாம் நாள், எண்ணினார்கள். எண்ணெய் பட்ட தொகுதியில் நூற்றுக்குப் பதினொன்று உயிரோடு இருந்தன. படாததில் எண்பத்தேழு. சரிதா மூன்று முறை எண்ணினாள். நவநீதகிருஷ்ணனைக் கூப்பிட்டு அவனையும் எண்ணச் சொன்னாள். அவன் எண்பத்தெட்டு என்றான். சரிதா முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. குழு வருவதற்கு ஒரு நாள் இருந்தது. மைதிலி தன் அறையில் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சரிதா பக்கத்தில் நின்று, ஒன்பது வாரத்து ஆய்வக நோட்டிலிருந்து எண்களை வாசித்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் லாசர் நின்றிருந்தார். விட்டுப்போன படத்துக்காக நானும் போயிருந்தேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஏன் தோல்வி என்று ஒரு பத்தி எழுதவேண்டியிருந்தது. மைதிலி ஆங்கிலத்தில் எழுதியதை லாசருக்காகத் தமிழில் சொன்னார்: "உபகரணக் கோளாறு காரணமாக. அவ்வளவுதான் போட்டிருக்கேன் லாசர். உங்க பேரு எங்கயும் வராது. குழுவுல கல்லூரி நிர்வாகத்து ஆளும் ஒருத்தர் இருக்கார். இது ஏப்ரல் மாசம். உங்க நீட்டிப்பு இன்னும் கையெழுத்தாகல."

நல்ல மனதோடு செய்த காரியம்தான் அது. யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வெளியே போயிருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் போயிருப்பேன்.

லாசர் நகரவில்லை. "மேடம்," என்றார், "அந்த சிரிஞ்சுல ஒரு கோளாறும் இல்லீங்க."

"தெரியும் லாசர். ஒரு பேச்சுக்குத்தான்..."

"பேச்சுக்குக்கூட வேண்டாமுங்க. நாலு நாளு இழச்சதுங்க அது. இன்னிக்கி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. மிஷின் மேல பழி போடற மெக்கானிக்க நானே பட்டறைல சேத்தமாட்டனுங்க." பிறகு நோட்டைக் காட்டினார். "அதுவும் போவட்டுங்க. நாளைக்கு வாரவிங்க இதையுந்தானுங்க பொரட்டிப் பாப்பாங்க? எல்லாப் பக்கத்துலயும் அடியில ஆரு பேரு இருக்குது?"

இருபத்தேழு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் 'செய்தவர்' என்ற இடத்தில் சரிதாவின் கையெழுத்து. அதற்கு மேலே அவளே சிவப்பு மையில் எழுதிய இறந்த செல்களின் எண்ணிக்கை. மைதிலி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்.

லாசர் மேஜையருகே வந்து, கேட்காமலே சரிதாவின் பேனாவை எடுத்தார். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, ஜனவரி மாதத்து முதல் பக்கத்தைத் தேடி எடுத்தார். சரிதாவின் பெயருக்குக் கீழே, பள்ளிக்கூடத்துப் பையன்போல அழுத்தி அழுத்தி எழுதினார்: 'சிரிஞ்சு பூட்டியது நான். எண்ணெய் விட்டேன். ம. லாசர்.' எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் அதையே எழுதத் தொடங்கினார். மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் படபடத்துப் பேனாவின் மேல் மடிந்து விழுந்தது, அவர் ஒதுக்கிவிட்டார், மறுபடி விழுந்தது.

சரிதா குனிந்து, தோல் வெடித்த தன் உள்ளங்கையை நோட்டின் மேல்விளிம்பில் வைத்து, அவர் எழுதி முடிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.